வெட்டியது போக மிச்சம்: அலுவிகாரையிலும் திருப்பூரிலும்

கௌசாம்பி அரசன் உதயணனின் அரண்மனைப் பெண்கள், புத்தரின் சீடர் ஆனந்த தேரரின் போதனையைக் கேட்டு மனம் நிறைந்து, அவருக்கு 500 மேலாடைகளைத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். பெருங்கதையில் நாம் அறிந்த அதே உதயணன்தான். செய்தி காதில் விழுந்ததும் அவனுக்கு எரிச்சல். ஒரு துறவிக்கு இத்தனை துணி எதற்கு, துணிக்கடை போடப் போகிறாரா? நேரே போய்க் கேட்டுவிட்டான். கிழிந்த சீவரத்தோடு (துறவியுடையோடு) இருக்கும் பிக்குகளுக்குப் பங்கிடுவோம் என்றார் ஆனந்தர். அவர்கள் கழற்றிய பழையதை? மேல்விரிப்பாக்குவோம். பழைய மேல்விரிப்பு மெத்தை உறையாகும். பழைய மெத்தை உறை தரைவிரிப்பாகும். தரைவிரிப்பு நைந்தால் கால்மிதி, கால்மிதி நைந்தால் தூசி தட்டும் துணி. அதுவும் இற்றுப்போனால் நறுக்கி மண்ணோடு பிசைந்து தரை பூசுவோம். அரசன் இன்னொரு 500 துணியைக் கொடுத்தனுப்பினான்.

இந்தக் கதை விநயபிடகத்தின் சுள்ளவக்கத்தில் வருகிறது. வாய்வழியாக வந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபய மன்னன் காலத்தில், முதன்முதலாக ஏட்டில் ஏறிய இடம் என்று மரபு காட்டுவது அலுவிகாரையை. மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, கண்டி - யாழ்ப்பாண வீதியோரமாக, பெரும்பாறைகளுக்கு நடுவே இருக்கிறது அந்த விகாரை. வருகிறவர்களுக்கு இன்றும் அங்கே ஓலை எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி கீறிய கோடு முதலில் கண்ணுக்கே தெரியாது. கரியும் எண்ணெயும் சேர்ந்த மையைத் துணித்துண்டில் தொட்டு ஓலை முழுக்கத் தேய்த்துத் துடைத்தால்தான் கீறலுக்குள் கறுப்பு இறங்கி வரி தெரியும்.

விகாரையில் புத்தகோசருக்குச் சிலை உண்டு. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கத்தை எழுதியவர். கந்தல் துணி மட்டுமே உடுப்பேன் என்று விரதம் எடுத்த பிக்கு அந்தத் துணியை எங்கெங்கே எடுக்கலாம் என்று அந்த நூலில் 23 வகை சொல்கிறார். மயானத்தில் கிடந்தது, கடைவாசலில் போட்டது, தெருவில் எறிந்தது, குப்பைமேட்டில் கிடந்தது, நெருப்பு சுட்டது, மாடு மென்றது, கறையான் அரித்தது, எலி கடித்தது, ஓரம் கிழிந்தது, காற்று அடித்து வந்தது, கடல் ஒதுக்கியது. இலவசத் துணிக்கு இதைவிடப் பொறுமையான பட்டியலை நான் பார்த்ததில்லை.

கைவேலைக்குத் துணித்துண்டு தேடுகிற ஒருவர் உண்மையில் தேடுவது ஆனந்தர் சொன்ன ஏணியில் ஒரு படியைத்தான். ஒருவருக்கு முடிந்துபோன துணி எந்தப் படியில் இன்னொருவர் கைக்கு வருகிறது என்பதே கேள்வி. அங்கேதான் இலங்கையும் இந்தியாவும் பிரிகின்றன. இந்தியாவில் ஒவ்வொரு படியிலும் ஒரு வியாபாரி உட்கார்ந்திருக்கிறார். இலங்கையில் அந்த இடத்தில் இருப்பவர் ஒரு தெரிந்த மனிதர். அல்லது யாருமே இல்லை.

ஒரே வளவுக்குள்

அலுவிகாரை என்றால் கைவினை உலகம் நினைக்கும் பெயர் ஈனா த சில்வா (1922–2015). இலங்கைப் பொலிஸ்மா அதிபராகவும் பின்னர் இந்தியாவில் இலங்கையின் உயர்ஸ்தானிகராகவும் இருந்த சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் மகள். 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கலைஞர் லக்கி சேனாநாயக்க, தன் மகன் அனில் ஜயசூரிய ஆகியோருடன் பத்திக் துணித் தொழிலைத் தொடங்கினார். ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் கூரை முழுக்க விரிந்த பத்திக் அவருடைய பட்டறையில் உருவானது. 1982இல் திறந்த கோட்டே நாடாளுமன்றக் கட்டிடத்துக்கும் அவர் பதாகைகள் செய்தார். பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி, குடும்ப வளவிலேயே மாத்தளை மரபுரிமை நிலையத்தை வளர்த்தெடுத்தார். சுற்றுக் கிராமத்துப் பெண்களின் கையில் பத்திக்கும் பூத்தையலும் அங்கே நடந்தன. பித்தளை வார்ப்பும் மரவேலையும் உடன் சேர்ந்தன.

நம் விஷயத்துக்கு இதில் முக்கியமானது, சாயத் தொட்டியும் ஊசியும் ஒரே வளவுக்குள் இருந்தது. பத்திக் செய்யும் எந்த இடத்திலும் மிச்சம் விழாமல் இருக்காது. தேன்மெழுகும் பரபின் மெழுகும் உருக்கிப் பருத்தித் துணியில் வரைந்து, வெளிர் நிறத்திலிருந்து கடும் நிறத்துக்குப் படிப்படியாகச் சாயம் ஏற்றி, கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுத்துவிடுகிறார்கள். இதில் சாயம் பார்க்க நனைத்த சோதனைத் துண்டு ஒன்று. மெழுகு சிந்திக் கெட்ட ஓரம் இன்னொன்று. அளவுக்கு வெட்டியபின் நிற்கும் கரை மற்றொன்று. அச்சடித்த துணியின் வெட்டுத்துண்டைப் போல இவை ஒருபக்கத் துணி அல்ல. சாயத்தில் தோய்ந்ததால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே நிறம். மேலே வைத்துத் தைக்க, பொம்மைக்குக் காது மடிக்க, கொடியில் தொங்கவிட, பின்பக்கம் தெரியுமே என்ற பயம் இல்லை. துணியை வெட்டுகிறவரும் துண்டைத் தைக்கிறவரும் பத்தடி தூரத்தில் இருந்தால் இந்த மிச்சத்துக்குக் குப்பைக்கூடையின் வழியே தெரியாது. தேடுதலும் பேரமும் எடைத்தட்டும் தேவைப்படாத படி அது.

கொழும்பில் பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பேர்ஃபுட்டிலும் இதே புத்தியைப் பார்க்கலாம். கைத்தறித் துணியையே சின்னச் சின்னதாக வெட்டிச் சேர்த்த யானையும் முதலையும் அங்கே புடவைத்துணிக்குச் சமமாகப் பெயர் எடுத்தவை. பட்டையான நிறக் கோடுகள் கொண்ட துணி என்றால் உள்ளங்கை அகலத் துண்டில்கூட மூன்று நிறம் கிடைத்துவிடும். மிச்சத்தின் அழகு முதல் துணியை நெய்யும்போதே தீர்மானமாகிறது.

வேலிக்கு உள்ளே இருக்கும் மலை

ஆனால் இலங்கையில் விழும் வெட்டுத்துண்டில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வளவுகளில் விழுவதில்லை, கார்மென்ட் எனப்படும் ஆடைத் தொழிற்சாலைகளில் விழுகிறது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1992இல் பிரேமதாச அரசு 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கி அவற்றை நாட்டுப்புறத்துக்குக் கொண்டுபோனது. மலையகத்திலும் வடமேற்கிலும் கிராமத்துப் பிள்ளைகள் காலையில் ஏறும் பஸ்ஸின் பெயரே கார்மென்ட் பஸ் என்றானது அதன் பிறகு. துணி வெட்டும் மேசையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலே மிச்சமாகக் கழிவது ஆடைத் தொழிலில் சாதாரணம். அப்படியானால் ஊருக்கு ஊர் துணித்துண்டு மலையாகக் குவிந்திருக்க வேண்டும்.

குவிகிறதுதான். ஆனால் வேலிக்கு உள்ளே. ஏற்றுமதிக்காக வரியின்றி இறக்குமதியான துணி அது. சுங்கக் கணக்கில் உள்ளே வந்த துணியின் மிச்சமும் கணக்குக் காட்டித்தான் வெளியே போகலாம். நிர்வாகம் நினைத்தவுடன் பக்கத்து மாதர் சங்கத்துக்கு ஒரு மூட்டை தூக்கிக் கொடுத்துவிட முடியாது. ஆகவே ஒப்பந்தக்காரர் மொத்தமாக எடுக்கிறார். இல்லாவிட்டால் அது எரிபொருளாகிறது. புத்தளம் சீமெந்துச் சூளை தொழிற்சாலைக் கழிவுகளை எரித்துத் தீர்க்கும் இடமாகப் பல காலம் இருந்து வருகிறது. இலங்கையில் நூல் நூற்ற பெரிய ஆலைகள் ஒருகாலத்தில் இருந்தன. துல்ஹிரிய, வியாங்கொடை, பூகொட என்ற பெயர்களைப் பெரியவர்கள் மறக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு காற்று மாறியது. துணி வெளிநாட்டிலிருந்து வந்து, உடுப்பாகி, வெளிநாட்டுக்கே போகும் தொழிலில் வெட்டுத்துண்டு திரும்பி ஏறுவதற்கு உள்ளூரில் நூற்பாலைப் படி இல்லை.

இன்னொரு சிக்கல் துணியின் குணம். இலங்கைக் கார்மென்டுகள் பெயர் எடுத்தது உள்ளாடையிலும் விளையாட்டு உடுப்பிலும். அதனால் வெட்டு மேசையிலிருந்து வருவது பெரும்பாலும் நைலோனும் இழுபடும் நூலும் கலந்த வழுக்குத் துணி. பார்க்கப் பளபளப்பு. ஊசிக்கு நிற்காது, இஸ்திரிக்கு உருகும், பருத்தித் துண்டோடு சேர்த்துத் தைத்தால் ஒரே சலவையில் சுருங்கி இழுக்கும். முடிக்கட்டும் பட்டையும் தைக்கலாம், நறுக்கித் தலையணைக்குள் அடைக்கலாம். ஒட்டுவிரிப்புக்கு உதவாது.

எனவே இலங்கையில் பருத்தித் துண்டு தேடுகிறவர் பெரிய ஆலையை விட்டுச் சின்ன இடத்துக்குப் போகிறார். ஊர்த் தையல்கடைதான் முதல் வாசல்.

“அண்ணே, வெட்டுத்துண்டு ஏதும் கிடக்குதா?”

“அந்த உரப்பையில பாருங்க தங்கச்சி. ஸ்கூல் யூனிபோம் வெள்ளைதான் கூட. கலர் வேணுமின்னா வருசப்பொறப்பு கழிச்சி வாங்க.”

இது மாத்தளைத் தெருவில் எவரும் கேட்கக்கூடிய பேச்சு. இதற்குள்ளேயே ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஜனவரியை ஒட்டிப் பள்ளிச் சீருடை, அதனால் வெள்ளை. ஏப்ரலில் புத்தாண்டு, அதனால் கலர். தீபாவளிக்கு முன்னே சட்டைத்துணி ஜரிகைக் கரை. கலியாண மாதங்களில் ரவிக்கைத் துண்டு, உள்துணிப் பருத்தி. காசு கேட்கமாட்டார். கேட்காததற்குப் பதிலாக அடுத்த முறை தைக்க அவரிடமே கொடுக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும் ஒப்பந்தம். கொழும்பு போகிறவர்கள் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் துண்டுக்கட்டு பார்ப்பார்கள். மகரகமைக்குப் பக்கத்துப் பமுணுவவில் ஏற்றுமதியில் தங்கிய துணியும் உடுப்பும் மலிவு. ஆனால் பஸ் காசையும் ஒரு நாளையும் சேர்த்தால் அந்த மலிவு மலிவாக நிற்காது.

கிலோக் கணக்கில்

திருப்பூர் வேறு உலகம். அங்கே வெட்டுத்துண்டுக்குச் சந்தை இருக்கிறது, தரம் இருக்கிறது, அன்றாட விலை இருக்கிறது. கட்டிங் வேஸ்ட் என்று கேட்டால் எதிர்க்கேள்வி வரும்.

“வெள்ளைங்களா, கலருங்களா? காட்டனா, மிக்ஸிங்களா?”

“கலர்ல காட்டனுங்ண்ணா. பெரிய துண்டா இருந்தா நல்லது.”

“பெருசு தனி ரேட்டுங்க.”

பனியன் கம்பெனியின் வெட்டு மேசையிலிருந்து மூட்டை கிடங்குக்கு வருகிறது. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். தூய வெள்ளைப் பருத்தி ஒரு குவியல், கறுப்பு ஒன்று, நிறங்கள் நிறவாரியாக, கலப்பு நூல் தனி, லேபிளும் எலாஸ்டிக்கும் தனி. நல்ல பருத்தி மறுபடி பஞ்சாகக் கிழிபட்டுத் திருப்பூர், கோவை வட்டார ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் நூலாகிறது. அடுத்த தரம் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட். நீளத் துண்டுகள் தறியில் ஏறிக் கால்மிதியாகின்றன. ஆனந்தர் ஒரு மடத்துக்குச் சொன்ன ஏணியில் இங்கே ஒரு நகரமே குடியிருக்கிறது.

நிறம் பிரிப்பதில் ஒரு பெரிய காரணம் ஒளிந்திருக்கிறது. நீலத் துண்டுகளை மட்டும் சேர்த்துப் பஞ்சாக்கினால் நூலும் நீலமாகவே வரும். மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை அந்த ஊர் மறக்கவில்லை. ஏற்கெனவே சாயம் குடித்த துணியை மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பாமல் நூலாக்குவது காசுக்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது.

சந்தை இவ்வளவு முதிர்ந்துவிட்டதில் கைவேலைக்காரிக்கு லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. வேண்டிய நிறத்தை வேண்டிய அளவில் எந்த மாதத்திலும் வாங்கலாம். யார் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் சும்மா கிடைப்பது குறைவு. ஒவ்வொரு துண்டுக்கும் எங்கோ ஒரு ஆலை காத்திருக்கிறது. ஆளுயர மூட்டையை வாங்குகிறவருக்கு முன்னால் இரண்டு கிலோ கேட்கிறவர் சில்லறை. பழகிய கிடங்காக இருந்தால் ஒழிய உள்ளே விட்டுப் பொறுக்கச் சொல்லமாட்டார்கள்.

திருப்பூர்த் துண்டின் குணமும் வேறு. அது பின்னல் துணி. ஒட்டுவிரிப்புக்கு அதுவும் சரிப்படாது, இழுபடும். ஆனால் அதன் குறையையே வேலையாக்கலாம். பனியன் துணியைக் குறுக்குவாட்டில் ஓர் அங்குல அகலப் பட்டையாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழுப்பு இழுங்கள். இரு ஓரமும் உள்ளே சுருண்டு, பட்டை கயிறாகிவிடும். பிசிறு தெரியாது. அந்தக் கயிற்றைத் தடித்த ஊசியால் பின்னினால் கூடை, விரிப்பு, பை எதுவும் ஆகும். நெய்த துணியில் இது நடக்காது. ஓரம் நூல் நூலாகப் பிரியும். அலுவிகாரைப் பத்திக்கும் திருப்பூர்ப் பனியனும் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. துண்டு வாங்கியபின் வேலையை யோசிக்காமல், வேலையை யோசித்துத் துண்டைத் தேடச் சொல்வது இதனால்தான்.

பழந்துணியின் வழி

இதுவரை சொன்னது புதுத்துணியின் மிச்சம். உடுத்திக் கழித்த துணிக்கு இந்தியாவில் இன்னொரு படிவரிசை இருக்கிறது. பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவி வரும் குரலைத் தமிழ்நாட்டு நகரங்களில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். குஜராத், டெல்லிப் பக்கம் வாகரி சமூகத்துப் பெண்கள் இதைப் பெருந்தொழிலாகவே நடத்தினார்கள். எவர்சில்வர் பாத்திரத்தைக் கொடுத்துப் பழைய உடுப்பை வாங்கி, பழுதுபார்த்து மறுவிற்பனைக்கு அனுப்புவார்கள். பானிப்பட்டில் உலகெங்கிலுமிருந்து கப்பலில் வந்த பழைய கம்பளி உடைகள் கிழிபட்டு நூலாகிப் போர்வையாகும். தாராவியின் தையல் கூடங்களில் விழும் துண்டுக்குக்கூட வாங்குகிறவர் உண்டு.

வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும் துணிக்கு வங்காளத்தின் காந்தா பெரிய சாட்சி. பழைய சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓடுதையல் போட்டால் விரிப்பு தயார். துணியும் சும்மா, நூலும் சும்மா. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுவிரிப்பைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் துண்டு வைத்துக்கொண்டே போவார்கள். முடிந்ததும் நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூக்களாக வைத்துத் தைப்பார்கள். அந்தப் பூக்கள் இல்லாத விரிப்பு அவர்களுக்கு அம்மணமாய் நிற்கிற விரிப்பு. கிழிசலால் ஆன ஒன்றுக்கும் மானம் உண்டு என்ற கணக்கு எனக்குப் பிடிக்கும்.

இலங்கையில் பழந்துணியை மையமாக வைத்து நிற்பது சந்தை அல்ல, சடங்கு. பௌத்த வீட்டு மரணச் சடங்கில் பிக்குகளுக்கு வெள்ளைத்துணி கொடுப்பதற்குப் பாம்சுகூலம் என்றே பெயர். மயானத்தில் கிடந்த துணியைப் பொறுக்கி உடுத்திய காலத்தின் நினைவு. இன்று கொடுப்பது புதுத்துணி. அதோடு, எத்தனை உயர்ந்த துணியானாலும் சீவரமாக வேண்டுமென்றால் முதலில் வெட்டுப்பட வேண்டும். மகத நாட்டு வயல்களின் வரப்பைக் காட்டி அதுபோலத் தைக்கும்படி புத்தர் சொல்ல, ஆனந்தர் துண்டுகளாக வெட்டி வகுத்துத் தைத்தார் என்கிறது விநயம். வெட்டிய துணிக்குத் திருடனிடம் மதிப்பில்லை என்பது அதன் பின்னால் உள்ள யோசனை. முழுத்துணியை வேண்டுமென்றே துண்டாக்கித் திரும்ப ஒட்டும் இந்த மரபு, துண்டைக் குறைவாகப் பார்க்காத ஒரு பார்வையை இலங்கைக்குக் கொடுத்திருக்கிறது. அந்தப் பார்வையைத் தொழிலாகக் கொண்டுவர ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள்.

துண்டை மதிக்கும் பார்வை பௌத்தத்தில் மட்டும் இல்லை. மாத்தளை தமிழ் ஊரும்கூட. மன்னார்க் கரையில் இறங்கி வடக்கு வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த மக்களின் தடத்தில் நிற்கிறது மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில். மாசிமகத்தில் அங்கே ஐந்து தேர் ஓடும். தேர் என்றால் தேர்ச்சீலை உண்டு, குழாய்போலத் தைத்துத் தொங்கவிடும் தொம்பை உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் தொம்பை தைக்கிற குடும்பங்களின் வேலையைப் பார்த்தால், சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் பச்சையுமான துண்டுகளை வெட்டி மேலே வைத்துத் தைத்து யாளியும் தாமரையும் கிளியும் கொண்டுவருவார்கள். ஒரு கிளியின் மூக்குக்கு இரண்டு விரல் அகலச் சிவப்பு போதும். இலங்கையின் பெரஹரவிலும் பழைய சிங்களக் கொடிகளிலும் இதே வெட்டி வைத்துத் தைக்கும் கை உண்டு. கண்டிப் பகுதியின் பூத்தையலையும் வெற்றிலைப் பைகளையும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் பதிவு செய்தது. துண்டுத்துணியில் சிங்களவரும் தமிழரும் தனித்தனி வழி போகவில்லை. சாமி ஊர்வலம் வந்தால் இரு பக்கத்துத் தையல்காரரும் ஒரே பெட்டியைத்தான் திறக்கிறார்கள்.

விலை போடாத பொம்மை

இரண்டு கரையையும் ஒன்றாக அடித்தது 2004 டிசம்பர் 26 சுனாமி. அதன் பிறகு ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பு நிலையம் சுற்றுவட்டார மீனவப் பெண்களோடு சுனாமிகா என்ற பொம்மையைச் செய்தது. விரலளவு பொம்மை, தையலில் மிஞ்சிய துணியில் செய்தது. உமா பிரஜாபதி தொடங்கிவைத்த அந்த முயற்சியில் பொம்மையை விற்பதில்லை என்று முடிவு செய்தார்கள். கேட்டவருக்குப் பரிசு, விரும்பியவர் நன்கொடை கொடுக்கலாம். அப்படியே அது நாடு நாடாகப் போனது. டெல்லியில் அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பும் பழந்துணியைக் கூலியாகவும் மாதவிடாய்த் துணியாகவும் மாற்றி, துணியைத் தருமப்பொருள் என்ற இடத்திலிருந்து வெளியே எடுத்தது. குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

சுனாமிகாவைப் பார்த்து ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொள்பவர்கள் உண்டு. துணி சும்மா கிடைத்தால் பொருளும் சும்மாவே ஆகலாம் என்பது அந்த விளக்கம். அங்கே விலை போடாதது பொம்மைக்கு. செய்த பெண்களின் வேலைக்குக் கூலி உண்டு. அலுவிகாரையிலும் திருப்பூரிலும் விஷயம் அதுவே. கிடங்கில் நிறம் பிரிக்கிற பெண்ணின் நேரம்தான் வெட்டுத்துண்டைச் சரக்காக்குகிறது. சாயமும் நூலும் பார்த்துத் துண்டு தேரும் கண்தான் பத்திக் மிச்சத்தைச் சுவர்த்தொங்கலாக்குகிறது. இலங்கையில் துண்டு மலிந்தும் கிடைக்காமல் போவதற்கு வேலியும் சுங்கமும் பாதிக் காரணம். மறுபாதி, பிரிக்கிற ஆள் இல்லாதது. கலந்து வந்த உரப்பையை யாரும் விலைக்கு வாங்கமாட்டார்கள். பிரித்து அடுக்கினால் நாளைக்கே கேள்வி வரும்.

துண்டைப் பிரிக்கத் தெரிந்துகொள்ள அதிகம் வேண்டியதில்லை. ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகித வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருங்கி, உருகி, கறுப்பு மணியாக இறுகினால் பொலியெஸ்டர் அல்லது நைலோன். அடுத்தது, ஈரமாக்கிய வெள்ளைத்துணிக்குள் வைத்து அழுத்துங்கள். நிறம் இறங்கினால் தனியாகத் துவைத்துச் சாயம் நிற்கும்வரை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். இரண்டு கையால் இழுத்துப் பாருங்கள். இழுபடுவது பின்னல் குவியலுக்கு, இழுபடாதது நெய்தது. நெய்ததில் கால் அங்குலத் தையல் ஓரம் விட்டபின் மிஞ்சுவதே உங்கள் அளவு. அதற்குக் குறைந்தது அடைக்கும் பைக்குள் போகட்டும். பத்திக் துண்டு விறைப்பாக இருந்தால் மெழுகு இன்னும் இருக்கிறது. சவர்க்காரம் போட்ட கொதிநீரில் ஒருமுறை இட்டு எடுத்தால் இளகிவிடும். கடைசியாக, எல்லாவற்றையும் தைக்கும் முன்னே துவைத்துக் காய வையுங்கள். சுருங்கவேண்டியது இப்போதே சுருங்கட்டும்.

இந்தியாவிடமிருந்து இலங்கை எடுத்துக்கொள்ளக்கூடியது இந்தப் பிரிக்கும் மேசை. மாத்தளையைப் போன்ற ஊரில் தையல்கடைகள் இருக்கின்றன, பத்திக் பட்டறைகள் இருக்கின்றன, வாராந்தச் சந்தையும் இருக்கிறது. நான்கு கடைகளின் உரப்பைகளை வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கொட்டி, நிறமும் நூலும் பார்த்துக் கட்டிவைக்க இரண்டு பெண்களுக்குக் கூலி கொடுத்தால், சுங்கத்தின் வேலியைத் தொடாமலே ஒரு மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் மாதர் சங்கங்களுக்கும் போதுமான துண்டு சேரும். திருப்பூர் அலுவிகாரையிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது வேறு. மூட்டை மில்லுக்குப் போகும் முன்னே கையகலத்துக்கு மேற்பட்ட துண்டுகளை ஒதுக்கி, அதே வளாகத்தில் ஒரு ஊசி மேசை போடலாம். நூலாக மாறினால் அந்தத் துண்டுக்குக் கிடைப்பது எடைக்கு விலை. கைவேலையாக மாறினால் எடை பார்க்காமல் விலை கிடைக்கும்.

இரண்டு இடத்திலும் பொருளுக்கு விலை எழுதும்போது ஒரு வழக்கத்தைக் கைவிட வேண்டும். துணிக்கு ஆன செலவு என்ற இடத்தில் 0 என்று எழுதலாம். தேடியதற்கும் துவைத்ததற்கும் பிரித்ததற்கும் ஆன நேரம் என்ற வரியே இல்லாமல் கணக்கை முடிக்கக் கூடாது. அந்த வரியை எழுதாதவர்களால்தான் மிச்சத்துணிக் கைவேலை பொழுதுபோக்காகவே நின்றுவிடுகிறது. எழுதிய இடத்தில் அது கிராமத்துப் பெண்களுக்குச் சம்பளமாகிறது.